நாளைக்குச் சொல்ல வேண்டிய வாழ்த்து

ஜெர்மன் படிக்க ஜெர்மனிக்கே போன பெண்ணுக்கு ஜெர்மன் பேச ஆள் கிடைக்கவில்லை என்றால் கேட்பவர்கள் சிரிப்பார்கள். நெரிஸுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒரு வருஷம் இருந்து பேசிப் பழகிவிட்டு வா என்று கல்லூரியில் அனுப்பி வைத்தார்கள். வேல்ஸில் ஹார்லெக் என்கிற கடலோர ஊரிலிருந்து கிளம்பி கிரைஃப்ஸ்வால்டில் வந்து இறங்கியவள், அக்டோபர் முழுக்கப் பேசியது ரொட்டிக்கடையில் மட்டும்தான். "இதுல ஒண்ணு, அதுல ரெண்டு, நன்றி, உங்களுக்கும்." பள்ளிக்கூடத்திலிருந்து இலக்கணத்தோடு மல்லுக்கட்டியது இதற்குத்தானா என்று அவளுக்கு அழுகையாக வந்தது.

தன்னைப் போலவே வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகளோடு சேர்ந்தால் பேச்செல்லாம் ஆங்கிலத்தில் போயிற்று. உள்ளூர்ப் பிள்ளைகளிடம் காப்பி குடிக்கலாமா என்று கேட்டால் அவர்கள் போனைத் திறந்து மூன்று வாரம் தள்ளி ஒரு வியாழக்கிழமையைக் கொடுப்பார்கள். அந்த வியாழக்கிழமை வரும்போது அவர்களுக்குச் சளி பிடித்திருக்கும். கெட்டவர்கள் என்று சொல்ல முடியாது. நட்பு என்பது இவர்களுக்கு வீடு கட்டுவது மாதிரி. அடித்தளம் போடவே ஒரு வருஷம் ஆகும். நெரிஸிடம் இருந்ததே மொத்தம் ஒரு வருஷம்.

அவள் வாடகைக்கு இருந்த மூன்றாம் மாடி வீட்டில் இன்னும் இரண்டு பேர் இருந்தார்கள். கேசா மருத்துவம் படிப்பவள். நெட்டை, ஒட்ட வெட்டிய முடி, எதையும் இரண்டு தடவை சொல்லாத குணம். டோர்பன் சதுப்பு நிலங்களைப் பற்றி ஆராய்கிறவன். அவன் பூட்ஸில் எப்போதும் ஏதாவது ஒரு சதுப்பின் சேறு ஒட்டியிருக்கும். இருவரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். சமையலறையில் அவர்கள் பேசிக்கொண்டிருக்கும்போது நெரிஸ் நுழைந்தால், "வா, வா" என்று சொல்லி எழுந்து இடம் விட்டுவிட்டு, தங்கள் அறைகளுக்குப் போய்விடுவார்கள். அந்த மரியாதையைவிட நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

அவள் அறையில் கட்டில், மேஜை, நீலக்கரை போட்ட ஒரு கப் எல்லாம் முன்பே இருந்தன. யாருடையது என்று வந்த அன்றே கேட்டிருந்தாள்.

"முன்னாடி இருந்தவளோடது. இம்கேன்னு பேரு," என்றாள் கேசா.

"எங்க போயிட்டா?"

"வீட்டுக்குக் கிளம்பிப் போனா."

அதற்கு மேல் கேட்க நெரிஸின் ஜெர்மனுக்கு அப்போது தெம்பு இல்லை. கீழே வாசல் மணிப் பலகையில் மூன்று பெயர்கள் இருந்தன. மூன்றாவது அவளுடையது இல்லை. மாற்றி ஒட்டுகிறேன் என்று டோர்பன் சொல்லிக்கொண்டே இருந்தான்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, கடல் பக்கமிருந்து காற்றும் மழையும் சேர்ந்து அடித்தன. நெரிஸின் கோட்டு முந்தின நாள் நனைந்தது, காயவில்லை. வாசலுக்குப் பக்கத்துக் கொக்கியில் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு எப்போதும் தொங்கும். யாரும் அதைப் போட்டு அவள் பார்த்ததில்லை. கேட்டுவிட்டு எடுக்கலாம் என்றால் சமையலறைக் கதவு சாத்தியிருந்தது. ரொட்டி வாங்கி வந்ததும் மாட்டிவிடலாம் என்று போட்டுக்கொண்டு போனாள். அளவெடுத்துத் தைத்தது போலப் பொருந்தியது. பையில் கைவிட்டபோது யாரோ தின்று மடித்து வைத்த மிட்டாய்க் காகிதம் விரலில் தட்டியது.

அவள் திரும்பி வந்தபோது சமையலறைக் கதவு திறந்திருந்தது. குழாயடியில் கெட்டிலைப் பிடித்துக்கொண்டு நின்ற கேசா நிமிர்ந்து பார்த்தாள். கெட்டில் நிரம்பி, தண்ணீர் அவள் கைமேல் வழிந்தது. அவள் குழாயை மூடவில்லை.

"மன்னிச்சுக்கோ கேசா. கேக்காம எடுத்துட்டேன். என்னோடது காயல. இப்பவே கழட்டி மாட்டிடறேன்."

"வேணாம்." கேசாவின் குரல் எங்கிருந்தோ வந்தது. "போட்டுக்கோ. சும்மாதானே தொங்குது." பிறகு கை நனைந்திருப்பது அப்போதுதான் தெரிந்தவள் போலக் குழாயை மூடினாள். "தலையத் துவட்டு. டீ குடிக்கிறியா?"

அந்த வீட்டில் அவளிடம் முதன்முதலாகக் கேட்கப்பட்ட கேள்வி அது. கேசா கப்பின் அடியில் கற்கண்டைப் போட்டு, மேலே கொதிக்கிற டீயை ஊற்றினாள். கற்கண்டு படக்கென்று வெடித்தது. ஓரமாக ஒரு கரண்டி பாலாடையை விட்டாள். நெரிஸ் கரண்டியை எடுத்ததுதான் தாமதம், வாசலில் வந்து நின்ற டோர்பன் அலறினான்.

"கலக்காத! கலக்குறவங்களுக்கு இந்த வீட்ல டீ கிடையாது."

"பின்ன எப்படிக் குடிக்கிறது?"

"அப்படியே குடி. முதல்ல ஆடை, அப்புறம் கசப்பு, கடைசில இனிப்பு. மூணு கப் குடிக்கணும், அது சட்டம். போதும்னா கரண்டிய கப்புக்குள்ள போட்டு வை. வாயால போதும்னு சொன்னா கேசாவுக்குக் காது கேக்காது."

கேசா சிரித்தாள். அவளுக்குச் சிரிக்கத் தெரியும் என்பதே நெரிஸுக்குப் புதுச் செய்தி. கேசா கடலே இல்லாத துரிங்கியாவின் மலைப்பக்கத்துக்காரி, அவளுக்கு ஏது இந்த வடகடல் ஓரத்து டீ வழக்கம் என்று நெரிஸ் யோசித்திருக்கலாம். யோசிக்கவில்லை. ஒரு மாதம் பட்டினி கிடந்தவள் சோறு போட்டவரின் ஊரை விசாரிப்பாளா?

அன்றிலிருந்து கதவுகள் திறந்தன. கேசா அவளைத் தன் பாட்டுக் குழுவுக்கு அழைத்துப் போனாள். ஞாயிற்றுக்கிழமைகளில் மூவரும் ஆற்றோரமாக வீக் கிராமம் வரை நடந்து போய் மீன் வைத்த ரொட்டி தின்றார்கள், கடற்காகங்கள் பிடுங்கிக்கொள்ளாதபடி குனிந்து நின்றுகொண்டு. அவள் தப்பாகப் பேசினால் கேசா திருத்தினாள். திருத்துவதில் கண்டிப்பு உண்டு. விடைபெறும்போது நெரிஸ் புத்தகத்தில் படித்தபடி ஏதாவது சொன்னால் கேசா முகத்தைச் சுளிப்பாள்.

"யாரு இப்படிப் பேசுவா? 'ஆகட்டும் பாப்போம்'னு சொல்லு. கடைசில கொஞ்சம் இழு. இன்னும் இழு. ஆங், அதான்."

நெரிஸ் இழுத்தாள். அவள் இழுக்கும்போதெல்லாம் கேசா ஒரு கணம் கண்ணை மூடிக்கொள்வாள். அதை நெரிஸ் பாராட்டு என்று எடுத்துக்கொண்டாள்.

ஒன்று மட்டும் அவளை அரித்தது. கேசா ஒருமுறைகூட அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "ஏய்" என்பாள், "குட்டி" என்பாள், கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டு நிற்பாள். டோர்பன் சொல்வான். பாட்டுக் குழுவில் சொல்வார்கள். ரொட்டிக்கடைக்காரிகூடக் கேட்டுத் தெரிந்து வைத்துக்கொண்டு சொன்னாள். கேசா சொன்னதில்லை. ஒரு தடவை, ஒரே ஒரு தடவை கேசா வாயால் 'நெரிஸ்' என்று கேட்டுவிட்டால் இந்த வருஷம் வீணாகவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். அப்படித்தான் அவள் மனம் ஏங்கியது. சின்ன ஆசைதான். சின்ன ஆசைகள்தான் ஆளைத் தின்னும்.

வேறு சில விஷயங்களும் நடந்தன. பாட்டுக் குழுவுக்குப் போனபோது அங்கே ஒருத்தி பின்னாலிருந்து ஓடி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். நெரிஸ் திரும்பிப் பார்த்ததும் அந்தப் பெண் முகம் வெளுத்துப் போய், "ஐயோ, மன்னிச்சுக்கோங்க, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லியபடியே கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். பாட்டு முடியும்வரை வரவே இல்லை. வீட்டில் டோர்பன் முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கும்போது நெரிஸ் நடந்து வந்தால், திரும்பாமலே "இம்..." என்று தொடங்கி இருமுவான். ஒருநாள் காலையில் அவள் கண் விழித்தபோது கேசா கட்டிலருகே நின்றுகொண்டிருந்தாள்.

"என்ன கேசா?"

"ஜன்னல் திறந்திருந்துச்சு. சாத்த வந்தேன்."

ஜன்னலை நெரிஸ் திறக்கவே இல்லை. ஜனவரிக் குளிரில் யார் திறப்பார்கள்?

பல்கலைக்கழகத்தில் உச்சரிப்பு வகுப்பு எடுத்த அம்மாள் ஒருநாள் அவளை நிறுத்தி வைத்துக் கேட்டாள்: "நீங்க கிழக்கு ஃப்ரீஸ்லாந்துல இருந்திருக்கீங்களா?"

"இல்லையே. இங்கதான் இருக்கேன்."

"ஆச்சரியமா இருக்கு. இந்த ஊர்ல யாரும் இப்படி இழுத்துப் பேச மாட்டாங்க. இது அந்தக் கோடி, வடகடல் ஓரம். ரெண்டு வருஷம் முன்னாடி என் வகுப்புல ஒரு பொண்ணு இருந்தா, அச்சு அசல்..." அம்மாள் வாக்கியத்தை முடிக்காமல் காகிதங்களை அடுக்க ஆரம்பித்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் நெரிஸ் தனக்குத்தானே பேசிப் பார்த்தாள். தன் வாயிலிருந்து வந்தது யார் குரல் என்று அவளுக்கே சந்தேகமாக இருந்தது. கொஞ்ச நாளாகத் தான் சிரிப்பதுகூட வேறு மாதிரி இருப்பது நினைவுக்கு வந்தது. மஞ்சள் கோட்டின் தொப்பியை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டாள். குளிருக்கு என்று நினைத்துக்கொண்டாள்.

பிப்ரவரியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை டோர்பனுக்குப் பிறந்தநாள். நெரிஸ் அந்த வார இறுதிக்கு மற்ற வெளிநாட்டுப் பிள்ளைகளோடு பெர்லினுக்குப் போவதாக முன்பே ஒப்புக்கொண்டிருந்தாள். அதனால் என்ன, வெள்ளிக்கிழமையே கொண்டாடிவிடலாம் என்று அவள் ஊர் வழக்கப்படி உலர்திராட்சையை டீயில் ஊறவைத்துக் கேக் சுட்டாள். மத்தியானம் டோர்பன் வந்து பூட்ஸைக் கழற்றும்போது மெழுகுவர்த்தி ஏற்றி எடுத்துக்கொண்டு எதிரே போய் நின்றாள்.

"ஞாயித்துக்கிழமை நான் இருக்க மாட்டேன். அதான் இப்பவே! பிறந்தநாள் வாழ்த்துகள், டோர்பன்!"

இந்த நாட்டில் கடவுளை நம்பாதவன் உண்டு, பேயை நம்பாதவன் உண்டு. பிறந்தநாள் வாழ்த்தை முதல் நாளே வாங்கிக்கொள்கிறவன் மட்டும் கிடையாது. அது ஆகாது. சொன்னால் காதைப் பொத்துவார்கள், சிரிப்பார்கள், எதையாவது தட்டுவார்கள், அத்தோடு விட்டுவிடுவார்கள். நெரிஸுக்கு இது தெரியாது. அவள் ஊரில் முன்கூட்டிச் சொல்வதற்குப் பெயர் அக்கறை.

டோர்பன் சிரிக்கவில்லை. ஒரு பூட்ஸ் காலோடு அப்படியே நின்றான். அவன் பார்வை நெரிஸைத் தாண்டிப் போயிற்று. பின்னால் கேசா நின்றாள்.

கேசா வந்து, எரிகிற திரிகளை ஒவ்வொன்றாக விரலால் நசுக்கி அணைத்தாள். ஊதவில்லை. கேக்கைத் தட்டோடு வாங்கிக்கொண்டு சமையலறைக்குள் போனாள். கேக்கை மக்கும் குப்பையில் கொட்டினாள், மெழுகுவர்த்திகளைப் பொறுக்கி எடுத்து மற்றக் குப்பையில் போட்டாள். அந்த வெறியிலும் பிரித்துத்தான் போட்டாள். பிறகு குப்பைத்தொட்டி பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்தாள்.

"கேசா, எனக்குத் தெரியாது. தப்புன்னா மன்னிச்சுக்கோ."

கேசா அவளைப் பார்க்கவில்லை. டோர்பனைப் பார்த்துச் சொன்னாள்: "ஞாயித்துக்கிழமை வரைக்கும் நீ வெளிய போகக்கூடாது."

"சரி."

"சைக்கிள் சாவியக் குடு."

அவன் கொடுத்தான். கேலி இல்லை, முணுமுணுப்பு இல்லை. வாய் ஓயாத அந்த ஆள் பள்ளிப்பிள்ளை போலச் சாவியை எடுத்து நீட்டியதைப் பார்த்ததும்தான் இது விளையாட்டில்லை என்று நெரிஸுக்கு உறைத்தது.

அவள் பெர்லினுக்குப் போகவில்லை. இரண்டு நாள் மூவரும் அந்த வீட்டில் அடைந்து கிடந்தார்கள். டோர்பன் குளிக்கப் போனால் கேசா கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்தாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் எழுந்து வந்து, "பார், உயிரோடதான் இருக்கேன்" என்று கையை விரித்துக் காட்டியபோது கேசா வாழ்த்துச் சொல்லிவிட்டு அவன் தோளில் முகத்தை வைத்து விக்கி விக்கி அழுதாள்.

மறுநாள் டோர்பன் நெரிஸை ஆற்றோரம் கூட்டிப் போனான். படகுகள் பனிக்கட்டியில் உறைந்து நின்றன.

"உனக்குச் சொல்லியிருக்கணும். என் தப்புதான்," என்றான். "போன வருஷம், இதே மாசம். இம்கேக்கு மறுநாள் பிறந்தநாள். ஊருக்குக் கிளம்பிட்டிருந்தா, அம்மா அப்பாகிட்ட. கேசா கேக் செஞ்சு வச்சிருந்தா. இம்கே ரெண்டு காதையும் பொத்திக்கிட்டா. 'வேணாம்டி, நாளைக்குப் போன்ல சொல்லு'ன்னு கத்தினா. கேசா விடல. 'நாளைக்கு டாக்டராகப் போறவ நானு, இந்த மூடநம்பிக்கையெல்லாம் என்கிட்டயா'ன்னு சிரிச்சா. கையப் பிடிச்சு இழுத்து ஊத வச்சா. நானும் பாட்டுப் பாடினேன்."

"அப்புறம்?"

"'போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு'ன்னா கேசா. 'ஆகட்டும் பாப்போம்'னு சொல்லிட்டு இம்கே சைக்கிள்ல ஸ்டேஷனுக்குப் போனா. முனையில லாரி ஒண்ணு வலது பக்கம் திரும்புச்சு. அன்னிக்கு நல்ல வெயில், அதனால கோட்ட விட்டுட்டுப் போயிட்டா. மஞ்சளா எதாவது போட்டிருந்தா லாரிக்காரன் கண்ணுல பட்டிருக்கும்னு கேசா இன்னும் சொல்லிட்டிருக்கா." அவன் ஒரு கல்லைப் பனிமேல் விட்டெறிந்தான். அது உடையாமல் வழுக்கிக்கொண்டே போயிற்று. "எங்களுக்குத் தெரியவே தெரியாது. போன் பண்ணாம இருக்காளேன்னு கேசா கோவமா இருந்தா. மறுநாள் காலைல இம்கேயோட அம்மா பண்ணினாங்க. பிறந்தநாள் அன்னிக்கு."

நெரிஸ் தன் உடம்பில் இருந்த மஞ்சள் கோட்டைப் பார்த்தாள்.

"நான் உங்களுக்கு யாரு, டோர்பன்?"

அவன் பொய் சொல்லவில்லை. "முதல்ல, கோட்டு. இப்ப எனக்கு நீ நெரிஸ்தான். கேசாவுக்கு யாருன்னு எனக்குத் தெரியல. கேக்கவும் பயமா இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் நெரிஸ் கோட்டைக் கழற்றிக் கொக்கியில் மாட்டினாள். நீலக்கரைக் கப்பைக் கழுவி அலமாரியில் கவிழ்த்தாள். மறுநாளிலிருந்து தன் பழைய சாம்பல்நிறக் கோட்டைப் போட்டுக்கொண்டு போனாள், புத்தகத்தில் இருக்கிறபடி ஜெர்மன் பேசினாள். செத்தவள் இடத்தில் உட்கார்ந்து டீ குடிக்க அவளுக்கு என்ன தலையெழுத்து? கோபம் வந்தது, அருவருப்பு வந்தது. முக்கியமாக, அவமானமாக இருந்தது. சிரித்ததெல்லாம், திருத்தியதெல்லாம், காத்து நின்றதெல்லாம் தனக்கில்லை என்றால் இத்தனை மாதம் இந்த வீட்டில் அவள் இருந்தாளா இல்லையா?

கேசா எழுந்து இடம் விட்டாள். மரியாதையாக அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். மார்ச் மாதம் முழுவதும் அப்படியே போயிற்று. பாட்டுக் குழுவுக்கு நெரிஸ் தனியாகப் போனாள், தனியாகத் திரும்பினாள். ரொட்டிக்கடையில் பேசினாள். "இதுல ஒண்ணு, அதுல ரெண்டு." இரவில் படுத்தால் அறை முழுக்க யாரோ மூச்சைப் பிடித்துக்கொண்டு இருப்பது போலத் தோன்றியது. அது இம்கே இல்லை என்று அவளுக்குத் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் தூங்காமல் கிடந்த கேசாதான். இரண்டு பெண்கள் ஒரு சுவரின் இரண்டு பக்கத்திலும் கிடந்து விழித்துக்கொண்டிருந்தார்கள்.

ஏப்ரலில் ஒருநாள் சாரல் அடித்தது. நெரிஸின் சொந்தக் கோட்டு காய்ந்துதான் இருந்தது. அவள் கொக்கியின் முன்னால் நின்றாள். யாருக்குமே யாராகவும் இல்லாமல் இருப்பதைவிட, ஒருத்திக்காவது ஆவியாக இருந்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தாள். இதை ஏற்றுக்கொள்ள அவளுக்கு வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் மஞ்சள் கோட்டைப் போட்டுக்கொண்டு வெளியே போய், சும்மா ஒரு சுற்றுச் சுற்றி, நனைந்து திரும்பினாள்.

சமையலறைக் கதவு திறந்திருந்தது. மேஜையில் நீலக்கரைக் கப். அடியில் கற்கண்டு.

"தலையத் துவட்டு," என்றாள் கேசா.

நெரிஸ் கலக்காமல் மூன்று கப் குடித்தாள். கரண்டியைக் கப்புக்குள் போட்டாள். அதன் பிறகு வசந்தமும் கோடையும் நன்றாகத்தான் போயின, பொய் சொல்லக்கூடாது. கடலில் குளித்தார்கள், சைக்கிள் மிதித்தார்கள், கடற்கரையில் மீன் சுட்டுத் தின்றார்கள். நெரிஸின் ஜெர்மன் கடல்மீனைப் போலத் துள்ளியது. கேசா மட்டும் கடைசிவரை அவள் பெயரைச் சொல்லவில்லை. நெரிஸ் காத்திருந்தாள்.

ஜூலையோடு வாடகை முடிந்தது. நெரிஸுக்கு ஆகஸ்ட் ஒன்றாம் தேதி பிறந்தநாள். ஆக, பிறந்தநாளுக்கு முதல்நாள் வீட்டுக்குக் கிளம்பவேண்டும். வேறு எந்த நாளிலாவது போய்விடலாம் என்று அவள் எவ்வளவோ பார்த்தாள். வேறு நாளில் விமானச் சீட்டு அவளுக்குக் கட்டுப்படியாகவில்லை. இதைக் கேசாவிடம் சொன்னபோது கேசா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, "சரி, நடந்தே ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றாள்.

நல்ல வெயில். நெரிஸ் மஞ்சள் கோட்டைக் கொக்கியிலேயே விட்டுவிட்டு இறங்கினாள். இரண்டு படி இறங்குவதற்குள் கேசா திரும்பி ஓடிப் போய் அதை எடுத்து வந்தாள்.

"வெயில் அடிக்குது கேசா."

"போட்டுக்கோ."

அந்தப் புழுக்கத்தில் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு நெரிஸ் நடந்தாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டோர்பன் பெட்டியை இழுத்து வந்தான். முனை வந்ததும் கேசா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். விளக்குப் பச்சையான பிறகும் விடவில்லை. அடுத்த பச்சைக்குத்தான் கடந்தார்கள்.

ரயில் வந்தது. டோர்பன் அவளைக் கட்டிக்கொண்டு, "நெரிஸ், உன் பேர மணிப் பலகைல ஒட்டாமலே விட்டுட்டேன், திட்டிட்டுப் போ" என்றான். அவள் அழுதுகொண்டே திட்டினாள். கேசா கோட்டின் பொத்தானைச் சரி செய்தாள், சரியாக இருந்ததையே.

"போய்ச் சேர்ந்ததும் போன் பண்ணு."

நெரிஸ் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இப்போதாவது சொல்வாளா? வாழ்த்தை அவள் எதிர்பார்க்கவில்லை, அது நாளைக்குச் சொல்ல வேண்டியது. பெயரை மட்டும் எதிர்பார்த்தாள். கேசாவின் உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

"ஆகட்டும் பாப்போம்," என்றாள் நெரிஸ், கடைசியில் இழுத்து.

பெர்லினில் விமானம் தாமதம். மான்செஸ்டரிலிருந்து கடைசி ரயிலைப் பிடிக்க ஓடியதில் போனில் உயிர் போய்விட்டதை அவள் கவனிக்கவில்லை. பாதி வழிக்கு அப்பா காரோடு வந்திருந்தார். அம்மா ஊட்டாத குறையாகச் சாப்பிட வைத்தாள். சாப்பிட்ட இடத்திலேயே, மஞ்சள் கோட்டைக் கூடக் கழற்றாமல் நெரிஸ் சோபாவில் தூங்கிப்போனாள்.

காலையில் வெயில் கண்ணில் அடித்து எழுந்தபோதுதான் கேசாவுக்குப் போன் பண்ணவில்லை என்பது நினைவுக்கு வந்தது. ஓடிப் போய்ப் போனை மின்சாரத்தில் சொருகினாள். அது கண் விழிப்பதும் அலறுவதும் ஒன்றாக இருந்தது. அம்மா சமையலறை வாசலில் கேக்கோடு நின்றாள். கேக்கின் மேல் வெள்ளையில் 'நெரிஸ்' என்று எழுதியிருந்தது.

"ஹலோ?"

மறுமுனையில் மூச்சு மட்டும் வந்தது. இரவெல்லாம் அழுதவளின் மூச்சு.

"இம்கே?" என்றாள் கேசா. "இம்கே, நீதானா?"

நெரிஸ் வாயைத் திறந்தாள். நான் இம்கே இல்லை, நெரிஸ். ஒரு வருஷமாக இதைச் சொல்லத்தான் காத்திருந்தாள். இப்போது சொன்னால் கேசா சுதாரித்துக்கொள்வாள், மன்னிப்புக் கேட்பாள், கண்டிப்பாகப் பெயரையும் சொல்லிவிடுவாள். அப்புறம் போனைக் கையில் வைத்துக்கொண்டு மறுபடியும் காத்திருப்பாள், வராத ஒரு அழைப்புக்காக, சாகிறவரைக்கும்.

"நான்தான்," என்றாள் நெரிஸ். வடகடல் ஓரத்துக் குரல் தானாக வந்தது. "வந்துட்டேன் கேசா. நேத்தே பத்திரமா வந்து சேர்ந்துட்டேன். சொல்ல மறந்து தூங்கிட்டேன்டி. அம்மா பக்கத்துல நிக்கிறாங்க."

மறுமுனையில், ரொம்பத் தூரம் சுமந்துவந்த பெட்டியைக் கீழே வைப்பவள் போல ஒரு பெருமூச்சு.

"இன்னிக்குத்தானே?"

"ஆமா. இன்னிக்குத்தான்."

"அப்ப சொல்லலாம் இல்ல?"

"சொல்லு."

"பிறந்தநாள் வாழ்த்துகள்," என்றாள் கேசா. ஒவ்வொரு சொல்லாக, தப்பு வந்துவிடக்கூடாது என்பது போலச் சொன்னாள்.

"ஆகட்டும் பாப்போம்," என்றாள் நெரிஸ். இழுப்பு முடிவதற்குள் மறுமுனையில் போன் வைக்கப்பட்டது.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றாள். வெளியே கடல் இருந்தது, சின்ன வயதிலிருந்து பார்த்த கடல். அது எந்தக் கடல் என்று சட்டென்று பிடிபடவில்லை. கோட்டுப் பைக்குள் விரல்கள் அந்த மிட்டாய்க் காகிதத்தை மடித்துக்கொண்டும் பிரித்துக்கொண்டும் இருந்தன.

அம்மா மெழுகுவர்த்திகளை ஏற்றிவிட்டு "நெரிஸ்" என்று கூப்பிட்டாள். இன்னொரு தடவை கூப்பிட்ட பிறகுதான் அவள் திரும்பிப் பார்த்தாள்.